கிட்டார் கழுத்துக்குத் துறை ஒப்புதல்

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், எல்லைக்கல் பராமரிப்புத் துறையின் தாம்பரம் மண்டல அலுவலகம், தனக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் அத்தியாவசியமாகத் தேவைப்படுகிறது என்பதை ஏகமனதாக உணர்ந்தது. முந்தைய வருஷம் துறைகளுக்கிடையிலான மெல்லிசைப் போட்டியில் வாடகைக் கிட்டாரின் ஒயர் பாதிப் பாட்டில் பிடுங்கிக்கொண்டது. கோப்பையை வேறொரு துறை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மண்டலம் முழுக்க எல்லைக்கற்கள் சாய்ந்து கிடந்தன. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பை போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலை செம்பாக்கம் முனீரிடம் வந்தது. முனீர் வீட்டை ஒட்டிய ஷெட்டில் சர்ச் பாடகர் குழுக்களுக்கும் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கும் கிட்டார் செய்து கொடுப்பவன். அவனுக்கு இதுதான் முதல் அரசாங்க ஆர்டர். தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னான். மூன்று பேர் "ஐயோ பாவம்" என்றார்கள். நாலாமவர் ஓய்வுபெற்ற தாசில்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆர்டரோடு வந்தவர் அபிதகுஜாம்பாள். அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர், இசைக்குழுவின் கிட்டார்க்காரரும் அவரே. மே முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர்மென்ட். போட்டி மே இருபது.

"கையைக் காமிங்க மேடம்" என்றான் முனீர்.

இடது கட்டைவிரலின் அடிப்பாகம் வீங்கியிருந்தது. "ஃபைல் நாடாவைக் கட்டி அவுத்து, அவுத்துக் கட்டி வந்தது" என்றார் அவர். "கிட்டாரோட கழுத்து, இந்த நெக், தடியா இருந்தா ரெண்டு பாட்டுக்கு மேல பிடிக்க முடியலை."

முனீர் அவர் கையை ஒரு காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டான். "நெக்கை மேப்பிள் மரத்துல மெலிசா இழைச்சுடலாம். பளபளன்னு பாலிஷ் வேணாம் மேடம். சும்மா எண்ணெய் தேய்ச்சு வுட்டா, கை வழுக்கிகினு ஓடும். வலி தெரியாது."

"இருபத்தெட்டு வருஷம் கடன் வாங்கின கிட்டார்லயே வாசிச்சாச்சு. போறதுக்குள்ள ஒரு தடவை, கை நோகாம வாசிச்சுடணும் முனீர்."

அவர் போனபிறகும் முனீர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கைக்கு ஒரு கழுத்து செய்துவிட்டால் போதும் என்று நினைத்தான். ஆனால் அது அரசாங்கக் கழுத்து. அதற்குக் கோப்பு உண்டு.

கோப்பில் தொழில்நுட்பக் குறிப்பு எழுதியவர் உதவியாளர் ராகவேந்திரா. அவர் கிட்டாரைத் தொட்டதில்லை. ஆனால் ஊரப்பாக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அமெரிக்காவில் யார் யார் எந்த மரத்துக்காக யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதை முழுக்கப் படித்திருந்தார். 'மேப்பிள் மரத்தின் ஒலி பிரகாசமானது. ரோஸ்வுட்டின் ஒலி வெதுவெதுப்பானது' என்று எழுதிவைத்தார்.

மண்டல அலுவலர் தோத்தாத்ரி அதைப் படித்துவிட்டு முனீரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாய், இந்த அறையில எத்தனை டியூப்லைட் எரியறது?"

"நாலு சார்."

"போதுமான வெளிச்சம் இருக்கறப்போ பிரகாசமான மரத்துக்கு என்ன அவசியம்? தணிக்கையில கேப்பா."

"சார், அது சவுண்டு பிரகாசம். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பிரகாசத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? சரி, ரோஸ்வுட் வெதுவெதுப்புங்கறார். போட்டி மே மாசம். அக்னி நட்சத்திரத்துல ஊழியர் கையில வெதுவெதுப்பான மரத்தைக் குடுத்தா யூனியன் சும்மா விடுமா? அது போகட்டும், ரோஸ்வுட்டுக்குத் தமிழ்ல என்ன?"

"ஈட்டி மரம் சார்" என்றார் ராகவேந்திரா.

தோத்தாத்ரி பேனாவை மூடினார். "ஈட்டியா? ஆயுதம். போலீஸ்ல தடையின்மைச் சான்று வாங்கணும்."

ஆகவே, அரசின் மர விலை அட்டவணையில் ஜன்னல், கதவு, நாற்காலி ஆகியவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட தேக்கே கிட்டாரின் கழுத்துக்கும் உகந்தது என்று முடிவாயிற்று. கனம், ஜன்னல் சட்டத்தின் கனம். முனீர் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், மேடம் கைக்கு அது தாங்காது."

"மேடம் கை அட்டவணையில இல்லையே, பாய்."

அடுத்தது மேல்பூச்சு. அலுவலகத் தளவாடங்கள் அனைத்தும் சாம்பல் நிற எனாமல் பெயின்ட் மூன்று கோட் பூசப்பட வேண்டும் என்பது நிலையாணை. பீரோ, மேஜை, குப்பைக்கூடை எல்லாம் அப்படித்தான் இருந்தன. கிட்டாரும் தளவாடமே. அதோடு, தளவாட எண்ணை வெள்ளை பெயின்ட்டில் முழுமையாக எழுதவேண்டும். எண்ணில் முப்பத்தோரு எழுத்துகள். கழுத்தில் இடம் போதவில்லை. நெக்கை நாலு அங்குலம் நீட்டும்படி முனீருக்குக் கடிதம் போயிற்று.

முனீர் பதறி ஓடினான். "நாலு இன்ச் நீட்டினா சுதி போயிடும் சார்!"

"எங்க போகும்? ராத்திரி ஆபீஸைப் பூட்டிண்டுதானே போறோம்?"

கடைசியில் அபிதகுஜாம்பாள் தன் சர்வீஸ் முழுவதையும் பணயம் வைத்துப் போராடி, எண்ணை இரண்டு வரியாக எழுத அனுமதி வாங்கினார். கழுத்து நீளவில்லை. அவரால் வாங்க முடிந்தது அவ்வளவுதான்.

முனீர் கண்ணை மூடிக்கொண்டு தேக்கில் செய்து கொடுத்தான். பெயின்ட் அடித்தவர் துறையின் ஆஸ்தான பெயின்ட்டர். எல்லைக்கல்லுக்கு அடிக்கிற கை. முன்னும் பின்னும், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டைகளின் மேலும் மூன்று கோட்டை வஞ்சனையில்லாமல் அப்பினார். மூன்றாவது கோட் அடித்தது மே பதினெட்டு.

இருபதாம் தேதி தாம்பரம் மண்டபத்தில் மின்விசிறிகள் அனல் காற்றை வீசின. முனீர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அபிதகுஜாம்பாள் பட்டுப்புடவையில், சாம்பல் கிட்டாரோடு மேடையேறினார். முதல் கார்டை, அதாவது முதல் சுரக்கூட்டை, விரல்களால் அழுத்திப் பிடித்தார். நன்றாகத்தான் ஒலித்தது. இரண்டாவது கார்டுக்குக் கையை நகர்த்தினார். கை வரவில்லை. கட்டைவிரல் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். கிட்டாரும் கூடவே வந்தது.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. வேறு வழியில்லாமல் அந்த ஒரே கார்டை ஆறு நிமிடம் வாசித்தார். பாடகர் எங்கெங்கோ போய்வந்தார். கிட்டார் இருந்த இடத்திலேயே இருந்தது. முனீர் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முதல் பரிசு எல்லைக்கல் பராமரிப்புத் துறைக்கு. 'என்ன நேர்ந்தாலும் நின்ற இடத்தைவிட்டு நகராத வாசிப்பின் மூலம் துறையின் தலையாய கொள்கையை இசையில் நிலைநாட்டியமைக்காக' என்று அறிவித்தார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ராகவேந்திரா அன்று சாயங்காலமே இணையத்தில், 'சாம்பல் எனாமலின் நிதானம் மேப்பிளுக்கு வராது' என்று எழுத, அமெரிக்காக்காரர்கள் நாற்பது பேர் ஆமாம் போட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் அபிதகுஜாம்பாளின் கட்டைவிரலை முனீர் மண்ணெண்ணெய் தொட்டுப் பிரித்தெடுத்தான்.

"இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் கப்பு" என்றார் அவர். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அதுவும் கையை எடுக்க முடியலைன்னு குடுத்தது."

"நான் உங்களுக்கு மேப்பிள்ல ஒண்ணு செஞ்சி தரேன் மேடம். இது சத்தியம்."

மே முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு மாலையும் குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினார்கள். கிட்டாரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

முனீருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மரம் என்றால் என்ன, கை என்றால் என்ன என்று நாலு பக்கம் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான். பத்தே நாளில் பதில் வந்தது. அவனுடைய ஆழ்ந்த அக்கறையைப் பாராட்டி, 'இசைக்கருவி மர நிர்ணயக் குழு'வின் தொழில்நுட்ப உறுப்பினராக அவனை நியமித்திருந்தார்கள்.

"போய்க் கேளுங்க, நல்லா நறுக்குனு நாலு வார்த்தை" என்றாள் அவன் மனைவி ஜஹானாரா.

நறுக்கென்று கேட்கத்தான் போனான். முதல் கூட்டத்தில் துண்டு போர்த்திய நாற்காலியும், அவன் பெயர் எழுதிய பலகையும், முந்திரி பிஸ்கட்டும் இருந்தன. தோத்தாத்ரி எழுந்து நின்று, "வாங்க, உறுப்பினர் சார்" என்றார். இதற்கு முன் முனீரைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. கேட்க வேண்டியதை அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்று பட்டது. அடுத்த கூட்டத்தில் அவனுக்கு ஃபைல் வைக்க ஒரு தோல்பை கொடுத்தார்கள்.

ஷெட்டில் மேப்பிள் கட்டை பாதி இழைத்தபடி கிடந்தது. "இன்னாங்க, அந்த அம்மா போன் பண்ணிகினே கீது" என்று ஜஹானாரா செல்போனை நீட்டினாள்.

"மீட்டிங்குக்குக் கெளம்பிகினு கீறேன் மேடம், அப்புறமா பேசறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை டக் இன் செய்துகொண்டான்.

அன்று குழுவின் முன் வந்தவர் கூடுவாஞ்சேரி ராஜாராமன். வீணை செய்பவர். அரசு இசைக்குழுக்களுக்கு வீணை கொடுக்க விண்ணப்பித்திருந்தார். செய்து கொண்டுவந்த வீணையைத் துணி விலக்கி, மேஜைமேல் வைத்தார். உறுப்பினர்கள் எல்லாரும் முனீரைப் பார்த்தார்கள். முனீர் தட்டிப் பார்த்தான். அருமையான மரம் என்று அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது வெறுமே தலையாட்டிவிட முடியுமா?

"இன்னா மரம்?" என்றான்.

"பலா மரங்க."

"பலான்னு நீங்க சொல்றீங்க. குழு எப்படி நம்பறது?" நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "இதே மரத்துப் பழம் ஒண்ணு மாதிரிக்குக் கொண்டாங்க. பாக்கலாம்."

தோத்தாத்ரி வியந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

ராஜாராமன் பண்ருட்டி வரைக்கும் போய், இரண்டு பஸ் மாறி, பதினெட்டு கிலோ பழத்தைத் தோளில் சுமந்துவந்தார். குழு அதை வெட்டி, சுளை சுளையாக ஆராய்ந்தது. பத்து நாள் கழித்து அவருக்குக் கடிதம் வந்தது: 'தாங்கள் சமர்ப்பித்த மாதிரி பரிசோதனையின்போது முழுவதும் தீர்ந்துவிட்டபடியால், முடிவு எடுக்க இயலவில்லை. குழுவில் உறுப்பினர்கள் பதினோரு பேர் என்பதைக் கருத்தில் கொண்டு, புதிய மாதிரிகளை அனுப்பிவைக்கவும்.'

கீழே, அழகாகச் சுழித்த கையெழுத்து: முனீர், தொழில்நுட்ப உறுப்பினர்.