செயலாளர் வீட்டுக் கொண்டை

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை மனைவியின் கூந்தலில் கத்திரிக்கோல் படாது என்று ஜெயரூபன் சபதம் எடுத்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில். மின்சாரம் போயிருந்தது. வெக்கையைத் தணிக்கிற சோளகக் காற்று எழும்ப இன்னும் நாள் கிடந்தது. சபதம் எடுத்தவரின் மொட்டைத் தலையிலிருந்து புறப்பட்ட வேர்வை, காதைச் சுற்றி வந்து வாய்க்குள் புகுந்து, சபதத்தின் கடைசிச் சொல்லை உப்பாக்கியது.

ஜெயரூபன் சாதாரண ஆள் இல்லை. மருதனார்மடத்துக்குப் பக்கத்து ஊர், கூட்டுறவுக் கடையில் முகாமையாளர், ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஆனால் முப்பது வயதிலேயே தலைமயிர் அவரைக் கைவிட்டுவிட்டது. அவருக்குப் போனதெல்லாம் சேர்த்து உதயகலாவுக்கு வளர்ந்தது. முழங்காலைத் தொடும் பின்னல். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனால் அவளை முன்னால் நடக்கவிட்டு, அவர் கொஞ்சம் பின்னால் நிற்பார். பக்தியினால் அல்ல. பின்னால் வருகிற சனம் அந்தப் பின்னலைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பதற்காக.

பின்னலைச் சுமப்பவள் உதயகலா. அவள் முன்பள்ளி ரீச்சர். பள்ளிக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கே தோசைக்கல்லுக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும்.

அன்று சனிக்கிழமை. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்த உதயகலா தலையில் நீலப் பூப்போட்ட பருத்தித் துணி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். பஸ் தூசிக்குப் பின்னலையும் உள்ளே சுருட்டிக் கட்டியிருப்பாள் என்று ஜெயரூபன் நினைத்துக்கொண்டார். அவள் மரக்கறிப் பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, இந்த வெக்கைக்குத் தலைமயிரைக் கட்டையா வெட்டினால் என்ன?”

“என்ன? என்ன சொன்னனீர்?”

“கழுத்து முழுக்க வேர்க்குரு. பின்னேரமானால் தலையிடி. தோய்ஞ்சால் காய ஒரு நாள் செல்லுது. லவீனாவும் சொல்லுறாள், வெட்டினால் எனக்கு வடிவாயிருக்குமாம்.”

லவீனா திருநெல்வேலியில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள்.

“அவள் வேறை என்ன சொல்லுவாள்? இறைச்சிக்கடைக்காரன் ஆட்டைப் பாத்து, வளர் ராசா வளர் எண்டே சொல்லுவான்?”

“அப்ப நான் ஆடோ?”

“ஐயோ, நீர் ஆடில்லை. நான் சொல்ல வந்தது...”

“விளங்குது. கடைக்காரன் அவள், ஆடு நான். நீங்கள் ஆர், கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவரோ?”

இதற்கு மேல் வாய்க்கு வாய் கொடுத்தால் தோற்றுப்போவோம் என்பது ஜெயரூபனுக்குப் பல வருட அனுபவம். அவளைச் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கற்பூரம் கொளுத்தினார். தன் சபதத்தைச் சொல்லிவிட்டு, அவளையும் சத்தியம் பண்ணச் சொன்னார்.

உதயகலா கொஞ்சமும் தயங்கவில்லை. கைகூப்பிக்கொண்டு சொன்னாள்: “இண்டைக்கு இந்த நேரத்திலையிருந்து, நீங்கள் ஓமெண்டாமல் என்ரை தலைமயிரிலை கத்திரிக்கோல் படாது. காணுமே?”

“காணும், இது போதும்!”

“ஆனால் வெக்கைக்கு நான் தலையை எப்பிடிக் கட்டினாலும் நீங்கள் வாய் திறக்கப்படாது.”

“திறக்கமாட்டன்!”

கலியாணம் கட்டிய நாள் முதல் ஜெயரூபன் அந்த வீட்டில் எதையும் இவ்வளவு சுலபமாக வென்றதில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ சந்தோசத்தில் இரண்டு மாம்பழம் சாப்பிட்டுவிட்டு நித்திரையானார்.

திங்கட்கிழமை தலைக்கட்டு தொடங்கியது. உதயகலா பழைய நூல்சேலைகளைக் கிழித்து, ஓரம் தைத்து, விதவிதமான துணிகளாக்கி அலுமாரியில் அடுக்கினாள். ஒரு நாள் துணியை மூலைக்கு மூலை மடித்து, பிடரியில் வைத்து, நெற்றிக்குக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகினாள். அடுத்த நாள் இரண்டு நிறத் துணியை முறுக்கி, உச்சிக் கொண்டையைச் சுற்றி வட்டமாகக் கட்டினாள். கட்டு எதுவானாலும் கழுத்து வெறுமையாக இருக்கும், காற்றுப் படும். உச்சியில் நல்ல தேங்காய் அளவில் ஒரு கொண்டை. காலையிலும் அது, இரவிலும் அது. ஜெயரூபன் கோடைக்கு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்கிறவர். அவர் எழும்பும்போது அவள் கட்டிமுடித்து நிற்பாள்.

அந்த வாரத்திலேதான் அவருடைய பச்சைக் கட்டம் போட்ட சாரமும் காணாமற்போனது. பழைய சாரம். தோய்த்துத் தோய்த்துப் பூவாய்ப்போன துணி. ஒரு மூலையில், கொசுவுக்குக் கொளுத்திய நுளம்புத்திரி சுட்ட ஓட்டை. அதை உடுத்தால்தான் அவருக்கு நித்திரை வரும்.

“இஞ்சரும், என்ரை சாரம் எங்கை?”

“தேடுங்கோ. வீட்டுக்குள்ளைதான் கிடக்கும்.”

அவர் வீட்டுக்குள்ளே தேடினார். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டுக் கதிரவேலு அண்ணையின் கொடியைத் தேடினார். பிறகு கதிரவேலு அண்ணையின் இடுப்பையும் சந்தேகத்தோடு பார்த்தார். நல்ல மனுசன் ஏனென்று தெரியாமல் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாரம் போனதைக்கூடத் தாங்கலாம். பின்னல் மறைந்ததைத்தான் ஜெயரூபனால் தாங்க முடியவில்லை. கோயிலில் பின்னால் நின்று பார்த்தார். சனம் வெயிலைப் பற்றிக் கதைத்தது. வாய் திறக்கமாட்டேன் என்று கற்பூரத்துக்கு முன்னால் சொன்னவர் ஆகையால், வேறொரு வாயைக் கூட்டிவர முடிவு செய்தார். அவருடைய அக்கா மீனாம்பிகை. ஓய்வுபெற்ற அதிபர், ஊர் மாதர் சங்கத் தலைவி. அவர் செருமினாலே ஊர்க் கூட்டம் அடங்கிவிடும்.

“அக்கா, உதயா வீட்டுக்குள்ளையும் தலைப்பாகையோடை திரியிறா. ஒருக்கா வந்து சொல்லுங்கோ.”

“நீ பேசாமல் இரு. நான் கதைக்கிறன்.”

அக்கா குசினிக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. ஜெயரூபன் விறாந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். முதலில் செருமல் கேட்டது. பிறகு “மெய்யே?” என்று ஒரு சத்தம். பிறகு சிரிப்பு. அக்கா சிரித்து அவர் கேட்டதே அபூர்வம். கதவு திறந்தது. அக்காவின் நரைத்த கொண்டையைச் சுற்றி மஞ்சள் துணி, காதுக்கு மேலே ஒரு பூமுடிச்சு.

“அக்கா!”

“என்னடா அக்கா? பிடரியிலை காத்துப் படுறது என்ன சுகம் தெரியுமே? உனக்கெங்கை தெரியப்போகுது, உனக்கு எல்லாப் பக்கமும் காத்து.”

அதோடு விசயம் கைமீறிப் போயிற்று. மாதர் சங்கம் கட்டியது. ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு கட்டியது. கிணற்றடியில் பச்சை, சந்தையில் சிவப்பு, பால் எடுக்கப் போகிற இடத்தில் கோடு போட்டது. ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு சங்கதி உண்டு: உதயகலாவின் கொண்டைக்கு ஈடு இல்லை. ஜெயரூபனுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. யாராவது கொண்டையைப் பார்த்தால் போதும், விளக்கம் தொடங்கிவிடுவார்.

“உதுக்குள்ளை சுருண்டு கிடக்கிறது முழங்கால் மட்டும் வரும். காலமை நனைஞ்சால் பின்னேரம்வரை ஈரம் காயாது. அவ்வளவு அடர்த்தி!”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். பொறாமை, என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் உதயகலா மேடையேறி, தலைத்துணி கட்டும் முறைகளைச் செய்துகாட்ட வேண்டும். கட்டிக் காட்டுவதென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும் அல்லவா? அவிழ்த்தால் கூந்தல் விழும். சபை ‘ஆ’ என்று வாய் பிளக்கும். அந்த ‘ஆ’வைக் கேட்ட பெண் மறுபடி அதைத் துணிக்குள் மூடுவாளா? ஜெயரூபன் தன் மூளையை நினைத்துத் தானே மெய்சிலிர்த்தார். உதயகலாவிடம் கேட்டார்.

“மேடையிலையோ? நீங்களோ மைக்கிலை?” என்றாள் அவள். கொஞ்சம் யோசித்தாள். “சரி, செய்யிறன். ஆனால் நான் கேக்கிற உதவியைச் செயலாளர் செய்யோணும்.”

“என்ன வேணுமெண்டாலும்!”

விழா நாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கம் பூந்தோட்டம் மாதிரித் துணிகள். மேடையில் உதயகலா, ஊதாத் துணி, உச்சியில் அந்தக் கொண்டை. பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மினுங்கியது. ஜெயரூபன் மைக்கைப் பிடித்தார்.

“பேரன்புடையீர்! இந்தக் கொண்டையை நன்றாகப் பாருங்கள். இது எங்கள் குடும்பச் சொத்து! இப்போது எனது பாரியார் இதை உங்கள் கண்முன்னே அவிழ்த்து, மீண்டும் கட்டிக் காட்டுவார்!”

முன்வரிசையில் மீனாம்பிகை அக்கா நெஞ்சில் கையை வைத்தார். உதயகலா எழுந்தாள். கை கொண்டைப் பக்கம் போனது. ஜெயரூபன் ‘ஆ’வுக்குக் காத்திருந்தார். அந்தக் கை பாதி வழியில் திரும்பி, அவரிடமிருந்த மைக்கை மெல்ல வாங்கியது.

“தலைமயிர் உள்ள தலையிலை ஆரும் கட்டலாம். அதிலை ஒரு கெட்டித்தனமும் இல்லை. முடிச்சு வழுக்கி விழுற தலையிலை கட்டி நிப்பாட்டினால்தான் அது கட்டு. செயலாளர் ஐயா, கதிரையிலை வந்து இருங்கோ.”

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. என்ன வேண்டுமென்றாலும் செய்வதாக வாக்குக் கொடுத்தவர் எங்கே ஓடுவது? ஜெயரூபன் அசடு வழியக் கதிரையில் உட்கார்ந்தார். அவள் ஒரு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மூலைக்கு மூலை மடித்தாள். அவருடைய பிடரியில் வைத்தாள்.

வருடக்கணக்காக வெயிலில் கிடந்து வெந்த தலை அது. ஹெல்மெட்டுக்குள் அவிந்த தலை. அதன் மேல் அப்படி ஒரு குளிர்ச்சி இறங்கியது. அவளுடைய விரல்கள் நெற்றியில் துணியைக் கொண்டுவந்து, ஒரு இழுப்பில் முடிச்சுப் போட்டு, நுனியைக் காதுக்கு மேல் செருகின. மேடையில் நின்று பழக்கமில்லாதவள், ஒரு பதற்றமும் இல்லாமல், எப்படி மடிப்பது, எந்தத் துணி வேர்வையை உறிஞ்சும், எது தலையை அவிய வைக்கும் என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். சபை சிரிப்பை விட்டுவிட்டுக் கவனமாய்க் கேட்டது. இவ்வளவு காலமும் இவளின் பின்னலைப் பார்த்தோமே தவிர இவளைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு மனசுக்குள் சுருக்கென்றது. என்ன கெட்டிக்காரி! அவர்தான் முதலில் கை தட்டினார். ‘ஆ’ வந்தது. ஆனால் அது அவருடைய வாயிலிருந்து வந்தது.

எல்லாப் போன்களும் அவரைப் படம் எடுத்தன. கதிரவேலு அண்ணை மேடைக்கே வந்து, “தங்கச்சி, எனக்கும் ஒண்டு கட்டிவிடு” என்றார். அவருக்குப் பின்னால் ஆண்கள் வரிசை நின்றது.

வீட்டுக்கு வந்தும் ஜெயரூபன் துணியை அவிழ்க்கவில்லை. விறாந்தைக் கதிரையில் சாய்ந்தார்.

“இஞ்சரும், இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீர் எப்பிடியும் கட்டும். ஆனால் இப்ப ஆருமில்லை. எனக்கெண்டாலும் ஒருக்கா அவிட்டுக் காட்டுமன்.”

“பிறகு ஏசப்படாது.”

“நானோ? தலையிலை உம்மடை துணியைக் கட்டிக்கொண்டோ?”

உதயகலா ஊதாத் துணியை அவிழ்த்தாள். கூந்தல் விழவில்லை. விழுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. காதுமடலோடு வடிவாக வெட்டிய மயிர், இளம்பெட்டையைப் போலிருந்தாள்.

“சத்தியம்! கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினனீர்!”

“ஓம், பண்ணினனான். அதுக்குப் பிறகு கத்திரிக்கோல் படேல்லைத்தானே? அண்டைக்குக் காலமை லவீனாவிட்டை வெட்டிப்போட்டு, அதை உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் எங்கை சொல்ல விட்டியள்? ஆடு, இறைச்சிக்கடை எண்டு துவங்கிட்டியள்.”

“அந்த முடி?”

“புத்துநோய் வருத்தத்திலை மயிர் கொட்டின பிள்ளையளுக்குப் பொய்முடி கட்டிக் குடுக்கிறவையாம். லவீனா அனுப்பிவிட்டாள்.”

ஏசுவதற்குத் திறந்த வாயை ஜெயரூபன் மூடிக்கொண்டார். இதற்கு எப்படி ஏசுவது?

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார். உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியும் விட்டார். அவள் முகம் சிவந்தது. அப்போதுதான் அவருக்கு மற்றக் கேள்வி வந்தது.

“அப்ப அந்தக் கொண்டை?”

ஊதாத் துணியோடு கழன்று மடியில் கிடந்த ஈர உருண்டையை உதயகலா எடுத்தாள். ஒரு சுற்று அவிழ்த்தாள், இன்னொரு சுற்று அவிழ்த்தாள். பச்சைக் கட்டம். மூலையில் நுளம்புத்திரி சுட்ட ஓட்டை.

“பூ மாதிரித் துணி. காலமை நனைச்சுப் பிழிஞ்சு சுருட்டி வைச்சால் பின்னேரம்வரை தலை குளிர்,” என்று அதை உதறி அவர் கையில் கொடுத்தாள். “இந்தாங்கோ, இரவைக்கு உடுத்துக்கொண்டு படுங்கோ. விடிய எழும்பினவுடனை தந்திடோணும், எனக்குக் கொண்டைக்குத் தேவை.”