கிளம்பாத கோதண்டம் சார்

அது அப்படி இல்லீங்க. ரூமைக் காலி பண்ணுங்கன்னு சொல்றதுக்கு வாய் மட்டும் இருந்தாப் பத்தாது. டவுன்ல லாட்ஜ்ல சொல்லிடுவாங்க, கதவைத் தட்டி பில்லை நீட்டிடுவாங்க. அது லாட்ஜ். இது வாடகைக்கு ரூம் விட்டாலும் வீடு. நம்ம அடுப்புல வெந்ததை உக்காந்து சாப்பிட்ட மனுஷனை எந்த வாயால கிளம்புங்கன்னு சொல்றது? ஒரு கரடிக்கே அந்த வார்த்தை வரலை, எனக்கு எங்க வரப் போகுது. காபியைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க, சொல்றேன்.

ஒரு காட்டுல மாசாணம்னு ஒரு கரடி இருந்துச்சு. மலைச்சரிவுல அதுக்கு மூணு குகை. டவுன்ல இருக்கிற மிருகம் எல்லாம் காத்து வாங்கணும், பச்சையைப் பாக்கணும்னு கிளம்பி வந்துக்கிட்டிருந்த காலம் அது. சும்மா கிடக்கிற குகையை வாடகைக்கு விட்டா என்னன்னு மாசாணத்துக்குத் தோணுச்சு. 'கரடி இல்லம். தங்கலாம். காலை டிபன் உண்டு'ன்னு ஒரு பலகை எழுதி மாட்டுச்சு. சமையல் அதோட பொண்டாட்டி பேச்சி. மத்த எல்லா வேலையும் மாசாணம்.

மத்த வேலைன்னா என்னன்னு நினைக்கிறீங்க? வைக்கோல் மெத்தையை வெயில்ல போடணும், மேகம் கறுத்தா ஓடிப் போய் எடுக்கணும். வெந்நீர் சுமக்கணும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. கேள்விக்குப் பதில் சொல்றதுதான் பெரும்பாடு. மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு மான் குடும்பத்தோட வந்துச்சு. வந்ததும் வராததுமா, இங்க மிருகம் கிருகம் ஏதாச்சும் வருமான்னு கேட்டுச்சு. இல்லீங்க, நாங்க மட்டும்தான்னு மாசாணம் சமாதானம் சொல்லுச்சு. புறாக் கூட்டம் ஒண்ணு வந்து வைஃபை எங்கேன்னுச்சு. மலை உச்சியில ஒரே ஒரு பாறையில ரெண்டு புள்ளி சிக்னல் வரும். அங்க கியூவுல நின்னுக்கிட்டே அதுங்க லீவு பூரா போச்சு. ஒரு தெருநாய்க்கு லாரிச் சத்தம் கேக்காம தூக்கம் வரலையாம். மாசாணமே குகை வாசல்ல நின்னு, அது கண் அசர்ற வரைக்கும் லாரி மாதிரி உறுமிட்டுப் போச்சு. காரணம், கிளம்பும்போது கெஸ்ட் எல்லாம் இந்த இடத்துக்கு எத்தனை ஸ்டார்னு ஒரு கிளிகிட்ட சொல்லிட்டுப் போவாங்க. கிளி அதை டவுன் பூரா கத்திக்கிட்டே பறக்கும்.

சீசன் நல்லா ஓடுனதால, மாசாணமும் பேச்சியும் தாங்க குடியிருந்த குகையையும் கெஸ்ட்டுக்கு விட்டுட்டு, அடுப்படிப் பக்கம் ஒரு மரத்தடியில படுத்துக்கிட்டாங்க. அப்போ பேச்சி மாசமா இருந்துச்சு. மழை பிடிக்கிறதுக்குள்ள அந்தக் குகை எனக்கு வேணும்னு முன்னாடியே சொல்லிடுச்சு. மத்த ரெண்டுல ஒண்ணு ஒழுகும், இன்னொண்ணுல வாடைக்காத்து நேரா உள்ள வரும். கரடிக்குட்டி பொறக்கும்போது கண்ணும் தெரியாது, உடம்புல முடியும் இருக்காது. ஈரம் பட்டா தாங்காது. மாசாணம் பேச்சி தலையில கை வச்சுச் சொல்லுச்சு, அந்தக் குகையோட கடைசி கெஸ்ட் கிளம்புன நிமிஷம் அது உனக்குத்தான்னு.

அந்தக் கடைசி கெஸ்ட்தான் கோதண்டம் சார்.

கோதண்டம் சார் ஒரு பூனை. டவுன்ல ஒரு ஆபீஸ்ல எலி பிடிக்கிற வேலையில சேந்து, படிப்படியா மேல வந்து, கடைசியில எலி பிடிக்கவே வேண்டாத பதவிக்குப் போயி ரிட்டயர் ஆனவரு. ஒரு பெட்டி, ஒரு ஃபிளாஸ்க்கு. அதிகம் பேச மாட்டாரு. ரெண்டு நாள் தங்குனாரு, மூணாம் நாள் காலையில பெட்டியோட வாசலுக்கு வந்தாரு.

எந்த கெஸ்ட் கிளம்புனாலும் மாசாணம் சொல்றதுதான். "என்ன சார், வந்ததும் கிளம்புறீங்க? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே."

இதுக்கு எல்லாரும் என்ன சொல்வாங்க? இருக்கட்டும் அண்ணாச்சி, இன்னொரு தடவை பாப்போம்பாங்க. மாசாணம் கையெடுத்துக் கும்பிடும். அவ்வளவுதான் முறை.

கோதண்டம் சார் கொஞ்சம் யோசிச்சாரு. "சரி"ன்னாரு. பெட்டியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு.

கும்பிடத் தூக்குன கை தூக்குனபடியே நின்னுச்சு.

சரி, ரெண்டு நாள்தானேன்னு விட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சும் அவரு பெட்டியைத் தொடலை. நல்ல குகை, நல்ல வெயில், வீட்டுக்காரங்களே இருக்கச் சொல்றாங்க, அவரு எதுக்குக் கிளம்பணும்? மாசாணம் ஜாடையா சொல்லிப் பாக்க ஆரம்பிச்சுது. டவுன்ல வீட்ல எல்லாரும் தேடுவாங்களேன்னு விசாரிச்சுது. ஒருத்தரும் தேட மாட்டாங்க, நீ கவலைப்படாதேன்னு அவரு ஆறுதல் சொன்னாரு. பேச்சி தினமும் தினை உப்புமாவே கிண்டிப் போட்டுச்சு. வயித்துக்கு இதமா இருக்கு, என்னை நினைச்சே செய்றியாம்மான்னு கேட்டாரு. வெந்நீரை நிறுத்துனாங்க. அவரு நாக்காலயே நக்கிக் குளிக்கிறவரு, நிறுத்துனதே தெரியலை. ஒருநாள் மாசாணம் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, அவரு பெட்டியைத் தூசி தட்டி வாசல்ல கொண்டுபோய் வச்சுது. பெட்டிக்கு வெயில் காட்டுனதுக்கு நன்றின்னு சொல்லி உள்ள எடுத்துக்கிட்டாரு.

மேற்கால மேகம் கூட ஆரம்பிச்சுது. பேச்சிக்கு மூச்சு வாங்குது, குனிஞ்சு அடுப்பு ஊத முடியலை.

"போகச் சொல்லிட்டீங்களா?"

"பஸ் எப்போ சார்னு கேட்டேன்."

"நேத்தும் அதைத்தான் கேட்டீங்க."

"இன்னிக்குக் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன்."

பேச்சி அகப்பையைக் கீழ வச்சுது. "புலி வந்தா எதுத்து நிப்பீங்க. ஒரு பூனைகிட்ட வாயைத் திறக்க முடியலை."

"புலி நம்ம வீட்ல சாப்பிட்டதில்லையே, பேச்சி."

இது நியாயம்தான். ஆனா நியாயத்தை விரிச்சுக் குட்டி போட முடியாது.

இந்த நேரத்துல ஒழுகுற குகையில ஒரு குரங்குக் குடும்பம் தங்கியிருந்துச்சு. பதினோரு மணிக்குக் காலி பண்ண வேண்டியது, மதியம் தாண்டியும் வாசல்ல ஆட்டம். மாசாணம் தூரத்துல நின்னு தொண்டையைக் கனைச்சுக்கிட்டிருந்துச்சு. கோதண்டம் சாருக்கு மதியத் தூக்கம் கெட்டுப் போச்சு. மெதுவா எந்திரிச்சு வந்தாரு. குரங்குங்கள்ல யார் முகத்தையும் அவரு பாக்கலை. நேரா தரையைப் பாத்து, "நேரம் முடிஞ்சது. நாளைக்கு வாங்க"ன்னாரு.

அம்புட்டுதான். எல்லாக் குரங்கும் வாலைச் சுருட்டிக்கிட்டு மூட்டையைத் தூக்கிடுச்சு. ஒண்ணு மட்டும், நாளைக்கு எத்தனை மணிக்கு சார்னு பவ்யமா கேட்டுட்டுப் போச்சு.

மாசாணத்துக்கு வாய் பொளந்துடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே கோதண்டம் சார் முன்னாடி போய் உக்காந்து, கிளம்பாத கெஸ்ட்டை எப்படி சார் கிளப்புறதுன்னு கேட்டுச்சு. சாருக்கு ரிட்டயர் ஆனதுலேருந்து இப்படி யாரும் வந்து கேட்டதில்லை. மீசை நிமிந்துடுச்சு. முகத்தைப் பாக்காதே, பாத்தா பாவமா இருக்கும்னாரு. காரணம் சொல்லாதே, சொன்னா வாதாடுவான்னாரு. குரல்ல கோபம் கூடாது, கோபம் வந்தா அவன் நம்மளை மனுஷன்னு நினைச்சுடுவான், சுவர் பேசுற மாதிரி இருக்கணும்னாரு.

ராத்திரியெல்லாம் மாசாணம் தனக்குள்ள சொல்லிப் பாத்துச்சு. காலையில போயி, சார் முன்னாடி நின்னு, தரையைப் பாத்து, "நேரம் முடிஞ்சது சார். குகையைக் காலி பண்ணுங்க"ன்னு சொல்லியே விட்டுடுச்சு.

கோதண்டம் சார் கண்ணை மூடிக் கேட்டாரு. "வார்த்தை சரி. சார் வேண்டாம். இன்னொரு தடவை சொல்லு."

மாசாணம் இன்னொரு தடவை சொல்லுச்சு. கால் நடுங்குதுன்னாரு. மூணாவது தடவை மாசாணம் உண்மையிலேயே பேச்சியை நினைச்சு, வயித்துல இருக்கிறதை நினைச்சு, அடித் தொண்டையிலேருந்து சொல்லுச்சு. குகையே அதிர்ந்துச்சு.

"பிரமாதம்"னு சார் முதுகுல தட்டிக் குடுத்தாரு. "தேறிட்டே. இனிமே எந்த கெஸ்ட் வந்தாலும் பயப்படாதே." சொல்லிட்டு, டிபன் ஆச்சான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு. மாசாணம் உப்புமா கொண்டுவந்து வச்சுது.

அன்னிக்கு மதியமே மழை இறங்குச்சு. கூடவே பேச்சிக்கு வலியும் வந்துடுச்சு. மாசாணம் அங்கயும் இங்கயும் ஓடுது, சார்கிட்ட எப்படிச் சொல்றது, மொதல்ல முகத்தைப் பாக்கவா வேண்டாமான்னு பதறுது. பேச்சி அதைக் கேக்க நிக்கலை. நனைஞ்சுக்கிட்டே நடந்து போயி குகைக்குள்ள நுழைஞ்சுது.

"சார், கொஞ்சம் நகந்து படுங்க."

கோதண்டம் சார் திடுக்கிட்டு முழிச்சாரு. "இது சிங்கிள் ரூம்னுல்ல சொன்னாங்க?"

பேச்சி பக்கத்துலயே படுத்துடுச்சு. நிலைமை புரிஞ்சதும் சார் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுனாரு. வெளியில கொட்டுற மழை. பூனையாச்சே, எங்க போவாரு? சுவர்ப் பக்கமா திரும்பி உக்காந்து, காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாரு.

ரெண்டு குட்டி. பெருச்சாளி சைஸ் கூட இருக்காது. பேச்சி அதுங்களை நக்கித் துவட்டிப் பால் குடுத்துட்டு அசந்து தூங்கிடுச்சு. நனைஞ்ச தாய் உடம்பு குளிர, குட்டிங்க மெதுவா ஊர்ந்து, எங்கடா கதகதப்புன்னு தேடி, கோதண்டம் சார் வயித்துல போய் ஒட்டிக்கிச்சு. சார் தரையைப் பாத்து, நேரம் முடிஞ்சது, நாளைக்கு வாங்கன்னு சொன்னாரு. ரெண்டுக்கும் கண்ணும் திறக்கலை, காதும் திறக்கலை. அந்த மாதிரி பார்ட்டிகிட்ட அவரு சர்வீஸ்ல எந்த ரூலும் இல்லை. நகந்தாரு, கத்துச்சு. திரும்ப வந்து படுத்தாரு, நிறுத்துச்சு.

மழை விட்ட பிறகு மாசாணம் தயங்கித் தயங்கி உள்ள எட்டிப் பாத்துச்சு. பேச்சி குறட்டை விட்டுத் தூங்குது. பேச்சி தூங்கி எத்தனை மாசம் ஆச்சு. கோதண்டம் சார் உடம்பை அசைக்காம கண்ணை மட்டும் உருட்டுனாரு.

"மாசாணம், நான் நாளைக்குக் கிளம்பலாம்னு இருக்கேன்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாசாணம் இத்தனை நாள் தவம் கிடந்துச்சு. நல்லதுங்க சார்னு சொல்ல வாயைத் திறந்துச்சு.

"கண்ணு திறக்கட்டும்னு சொல்லுங்க"ன்னு பேச்சி, தான் கண்ணைத் திறக்காமலே சொல்லுச்சு.

மாசாணம் பேச்சியைப் பாத்துச்சு, குட்டிங்களைப் பாத்துச்சு. சார் முகத்தை மட்டும் பாக்கலை. "குட்டிங்க கண்ணு திறக்கட்டும், சார்."

கண்ணு திறந்துச்சு. மொதல்ல பாத்தது கோதண்டம் சாரைத்தான். அப்புறம் பல்லு முளைக்கட்டும்னாங்க. பல்லு முளைச்சு மொதக் கடி அவரு வாலுக்கு. அப்புறம் மரம் ஏறக் கத்துக்கட்டும்னாங்க, பூனையை விட நல்லா வேற யாரு சொல்லிக் குடுப்பா. கரடிக்குட்டி முதுகுலதான் சவாரி போகும், பேச்சி முதுகுல இப்போ விறகுக் கட்டு. அதனால அதுவும் சார் முதுகுலதான். குட்டிங்க சாரை விட ரெண்டு மடங்கு பெருசா ஆயிடுச்சு, இறங்க மாட்டேங்குது. புதுசா வர்ற கெஸ்ட் எல்லாம், கரடிக்குக் கீழேருந்து மீசை தெரியுறதைப் பாத்து, நீங்கதான் ஓனரான்னு கேக்குறாங்க.

"இல்லை, நான் கெஸ்ட்"ங்கிறாரு சார், மூச்சு வாங்க. "நாளைக்குக் கிளம்புறேன்."

இருங்க, வீட்ல கூப்பிடுறாங்க. வேன் வந்துடுச்சாம், பன்னெண்டு பேரு இறங்குறாங்களாம். இந்தா வந்துட்டேன்மா. நீதியை மட்டும் சொல்லிட்டு ஓடிடுறேன், காபி டம்ளரை அங்கயே வச்சுடுங்க.

நீதி: கிளம்பாத விருந்தாளியைக் கிளப்ப வழி தேடாதீங்க. மடியில ஒரு கைக்குழந்தையைப் போட்டுடுங்க. கிளம்பணுங்கிற எண்ணம் அவருக்கே வரும், அப்போ விடாதீங்க.