எங்கள் சுவருக்குத் தொப்பை விழுந்த வரலாறு

மனிதன் மரத்திலிருந்து இறங்கியதைப் பெரிய முன்னேற்றம் என்று புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இறங்குவதில் என்ன முன்னேற்றம்? பிற்பாடு அவன் மலைச்சரிவில் மனை வாங்கி, கார் மூச்சு வாங்க மறுபடி மேலே ஏறினான் பாருங்கள், அதுதான் முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தின் நிறைவாக விளங்குவது எங்கள் குடியிருப்பு. அதன் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு.

எங்களுக்கு மொத்தம் ஏழு தெரு. அடிவாரத்தில் முதல் தெரு, உச்சியில் ஏழாம் தெரு. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்கிற அநாகரிகம் இங்கே கிடையாது. "எத்தனாவது தெரு?" என்று கேட்டால் போதும், ஆளை எடை போட்டுவிடலாம். ஏழாம் தெரு ஆறாம் தெருவைப் பார்த்துத் தலையசைக்கும். ஆறாம் தெரு ஐந்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகும். முதல் தெருவைப் பார்க்கும் அளவுக்கு யாருக்கும் கழுத்து வளையாது. நான் ஆறாம் தெரு. ஏழில் ஒரு வீடு காலியாகும் என்று பதினொரு வருடமாகக் காத்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும்.

மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்கு எதுவுமே கொடுப்பதில்லை என்று சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள். எங்கள் குளியலறைத் தண்ணீர், தோட்டத்துச் சருகு, ஏழாம் தெரு நாய் கடித்துப் போட்ட செருப்பு, எங்கள் ஆலோசனை எல்லாம் கீழேதானே போகிறது? கைம்மாறாக நாங்கள் எதையாவது கேட்டிருக்கிறோமா?

முதல் தெருவுக்கும் இரண்டாம் தெருவுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. மூன்று ஆள் உயரம். மலை சரிந்து முதல் தெருவின் மேல் உட்கார்ந்துவிடாமல் பிடித்து வைத்திருந்தது அதுதான். சுவர் நெடுக வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்து மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அவற்றின் வழியாகச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் கறுப்பாகப் பாசி. மேலே வரும் விருந்தாளி முதலில் பார்ப்பது அந்தப் பாசியைத்தான். எங்களுக்கு மானமே போயிற்று.

சங்கத் தலைவர் ஏழாம் தெரு பல் டாக்டர். கூட்டத்தில் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்தச் சுவர் நம்ம குடியிருப்போட முன்பல்லு. முன்பல்லு கறுப்பா இருந்தா எப்படிங்க சிரிக்கிறது?"

சபை ஆடிப்போய்விட்டது. இரண்டு தீர்மானங்கள் "ஏகமனதாக" நிறைவேறின. ஒன்று, மலையைத் தாங்கும் அந்தச் சுவரில் ஒரு மலையின் படம் வரைவது. இரண்டு, படத்தில் ஈரம் படாமல் இருக்க நாற்பத்திரண்டு குழாய்களையும் அடைப்பது.

அடைக்க வந்த கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், இது ஓட்டை இல்ல. தண்ணி வடியறதுக்குன்னே வச்ச வழி. அடைச்சா தண்ணி உள்ளயே தேங்கி சுவரைத் தள்ளிடும்."

"முப்பது வருஷமா ஓட்டை அடைக்கிறேன். ஓட்டையைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்றார் தலைவர். "ஆமா, நீங்க எத்தனாவது தெரு?"

"நான் இந்தப் பக்கமே இல்ல சார். பஸ்ல வர்றேன்."

"அப்புறம் என்ன?"

கொத்தனார் நாற்பத்திரண்டையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். ஓவியர் வந்து, பனி மூடிய சிகரம் ஒன்றை அச்சு அசலாகத் தீட்டினார்.

சுவருக்கு நேர் கீழே முதல் தெருவில் தையற்காரம்மாவின் வீடு. கணவர் இறந்தபிறகு இரண்டு தையல் மெஷினை வைத்துத் தனியாகவே காலம் தள்ளுகிறவர். பின்கட்டில், சுவரைப் பார்த்த ஜன்னலோரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை தைத்துக்கொண்டிருப்பார். முதல் மழை பெய்த வாரம் அவர் ஆறு தெருவையும் நடந்தே ஏறிக் கூட்டத்துக்கு வந்துவிட்டார். மூச்சு இரைத்தது.

"சார், குழாயில தண்ணி வரல. பயமா இருக்கு."

தலைவர் ஃபைலைப் புரட்டினார். "போன வருஷம் தண்ணி தெறிக்குது, காயப்போட்ட துணி நனையுதுன்னு மனு குடுத்தது யாரும்மா?"

"நான்தாங்க. அப்போ தண்ணி வெளிய வந்துச்சு. இப்போ உள்ளயே நிக்குதே."

"வந்தாலும் குத்தம், வரலைன்னாலும் குத்தமா?"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. நானும் தட்டினேன். செயலாளர் தட்டாவிட்டால் நன்றாக இருக்காது.

இரண்டு வாரம் விடாமல் பெய்தது. சுவருக்கு நடுவில் மெல்லத் தொப்பை விழுந்தது. சிகரம் சுவரை விட்டு வெளியே புடைத்து வந்தது. தலைவர் குடையோடு நின்று பார்த்து மெய்சிலிர்த்தார். "என்ன உயிர்ப்பு பாருங்க! தொட்டுப் பாக்கலாம் போல இருக்கு!" ஓவியருக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பினோம். மூன்றாம் தெருவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தொப்பையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

தையற்காரம்மா மறுபடியும் ஏறி வந்தார். இந்தத் தடவை கழுத்தில் அளவு டேப், கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"என் பின்வாசப் படியில இருந்து சுவர் வரைக்கும் நாப்பத்தெட்டு இஞ்ச் இருந்துச்சு சார். போன வாரம் நாப்பத்தாறரை. இன்னைக்குக் காலைல நாப்பத்தஞ்சு. எனக்கு வேற எது தெரியாட்டியும் அளவு தப்பாது."

தலைவர் சீட்டை வாங்கிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். "மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கு. சரி, ஒத்துக்கறேன். ஆனா சுவர் சங்கத்துச் சொத்து. தீர்மானம் இல்லாம அது எப்படி நகரும்? உங்க வீடுதான் நகர்ந்திருக்கு."

அன்றே நோட்டீஸ் தயாரித்தேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்பேன். "தங்கள் இல்லமானது சங்கத்தின் சுவரை நோக்கி மூன்று அங்குலம் அத்துமீறி முன்னேறியிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு தினங்களுக்குள் மேற்படி இல்லத்தைப் பழைய இடத்துக்கே பின்வாங்கச் செய்யவும்."

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "இதை எழுதறப்போ உங்களுக்குச் சிரிப்பு வரலையா?"

"ஆபீஸ் பாஷை. உனக்குப் புரியாது."

"எனக்கும் சிரிப்பு வரல. அந்தச் சுவருக்குக் கீழ ஒரு மனுஷி நாள் பூரா உக்காந்திருக்கா."

நோட்டீஸோடு நேரே என்னிடமே வந்து நின்றார் தையற்காரம்மா. கோபம் இல்லை. கெஞ்சினார்.

"ஒரே ஒரு வரி சார். சுவர் சரியில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சங்கத்துக் கடிதாசி இருந்தாதான் நகராட்சியில வந்து பாப்பாங்களாம். நாலு தடவ போயிட்டேன்."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் தலைவர் ஏழாம் தெரு. அங்கே வீடு காலியானால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவரும் அவர்தான். "அடுத்த கூட்டத்துல வைக்கறேம்மா" என்று உரிய மரியாதையோடு அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்குச் சுவர் விழுந்தது.

அவசரக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் கூடியது, எங்கள் சுறுசுறுப்புக்கு அதுவே சாட்சி. ஓவியத்தை இழந்து வாடும் ஓவியருக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கப்பட்டது. சரிவு மேலும் கீழே போகாமல் தடுத்து நிறுத்திய தையற்காரம்மாவின் வீட்டுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. நடந்தது "யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத இயற்கைச் சீற்றம்" என்று ஒரு வாக்குமூலம் எழுதி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் பொது வார்டு, ஜன்னலோரக் கட்டில். பழக்கூடையை வைத்துவிட்டுக் காகிதத்தை நீட்டினேன். அவர் போர்வையை விலக்கினார். வலது கை மணிக்கட்டோடு முடிந்து, அங்கே கட்டுத்தான் இருந்தது.

"கையெழுத்துப் போடற கை அதுதான் சார்" என்றார். "தைக்கிற கையும் அதுதான்."

"யாரும்மா எதிர்பார்த்தோம்?" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார். "புதன்கிழமை நீங்களே இறங்கி வந்தீங்க. உங்க பொண்ணுக்குத் தைக்கக் குடுத்த ஸ்கூல் சட்டையைக் கையோட வாங்கிட்டுப் போனீங்க. அதுக்கு இன்னும் கை வைக்கல, காலர் வைக்கல. நாளைக்கு முடிச்சிடறேன்னு சொன்னேன், கேக்கல. பாதி தைச்ச சட்டைய வச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க?"

அந்தச் சட்டை எங்கள் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருக்கிறது. எங்கள் சங்கத்திலேயே அந்த அம்மாவின் அளவை ஒரு நூல் கூடச் சந்தேகப்படாமல் நம்பிய ஒரே உறுப்பினர் நான்தான். அதனால்தான் சட்டையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.