சூரியகாந்திப் பூப் போட்ட என் வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், ஆம்பிளைக்கு வீடு கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் மறுநாளே கல், சீமெந்து விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவான். ஆண் பிள்ளைக்கு ஒரு சூட்கேஸ் போதும். கலியாணம் முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பொண்டாட்டி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து மருதமுனைக்குப் போனேன். பதினாறு வருசமாக மாமியின் சமையலைச் சாப்பிட்டு, மாமாவின் கதிரையில் அவர் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து, சுகமாகத்தான் இருக்கிறேன். (சூட்கேஸ் இன்னும் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பூட்டு மட்டும் கறள் கட்டிவிட்டது.)

ஆனாலும் ஆம்பிளைக்கும் ஆசை என்று ஒன்று இருக்குமே. ஒரு நாலு நாளைக்காவது "இது என்ட வூடு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் நெடுநாளாக ஒரு அரிப்பு. சாய்ந்தமருதில் ஒருத்தர் பழைய வேன் ஒன்றுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி, கை கழுவும் பேசின் எல்லாம் பொருத்தி, 'கரவன்' என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டதும் அந்த அரிப்பு காய்ச்சலாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சாரதி ஆசனத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு திரைச்சீலை தொங்கியது. மஞ்சள் துணியில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சூரியகாந்திப் பூக்கள். அதை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாழ்ப்பாணப் பக்கம் போவம்," என்றேன் என் மனைவி பஸீலாவிடம். "நீயும் நானும் மட்டும். புள்ளயள் மாமியோட நிக்கட்டும். கடற்கரையில வூட்ட நிப்பாட்டிப்போட்டுக் கதவத் திறந்தா, முன்னால கடல்."

"யாருட வூட்ட?"

"என்ட வூட்ட. நாலு நாளைக்கு நீதான் என்ட வூட்டுக்கு வந்த ஆள்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எங்கட வூட்டுக்கு வந்து ஒரு நாளாவது அடுப்பு மூட்டி இரிக்கீங்களா? இல்ல. வந்த ஆள் எண்டு இரிந்து சாப்பிட்டீங்க. இப்ப நான் வந்த ஆள். எனக்கு ஆர் சமைக்கிற?"

"நான்தான்!" என்று சொல்லிவிட்டேன். (வாய்தானே, வாடகையா கேட்கிறது?)

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்குக் கல்முனை பசாரில் சாறன் கடை இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாறன் (லுங்கி என்றும் சொல்வார்கள்), சாரி, படுக்கை விரிப்பு. வர வர அவருக்கு முழங்கால் நோவு. பெருநாள் சீசனுக்கு மட்டும் கடையில் நின்று தாருங்கள் என்று வருசா வருசம் என்னைக் கேட்பார். நான் கந்தோரில் கிளாக் வேலை செய்கிற மனுசன். கடை வாசலில் நின்று, "வாங்க, வாங்க, உள்ளுக்கு வந்து பாருங்க" என்று கூப்பிடுவதை நினைத்தாலே எனக்குக் காது சிவந்துவிடும். அதனால், "மாமா, எனக்கு யாவாரம் சரிவராது, ஒரு சாறனக்கூட விக்கத் தெரியாது" என்று வருசா வருசம் ஒரே பதிலைச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பயணத்துல கடைக் கதை ஒண்டும் கதைக்கப்படாது," என்று பஸீலாவுக்கு நிபந்தனை போட்டேன்.

"சரி, கதைக்கல்ல. ஆனா ஒண்டு. என்னைக்காவது நீங்க ஒரு சாறன் வித்ததை நான் என்ட கண்ணால கண்டா, அந்தப் பெருநாளைக்கே கடைக்கு வந்திரணும். பேச்சா?"

"பேச்சு," என்று கையில் அடித்துக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் நான் யாருக்குச் சாறன் விற்கப் போகிறேன்?

புறப்படுகிற அன்று மாமி வாசலுக்கு ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இறைச்சிக் கறி, மாசிச் சம்பல், தலையிடித் தைலம், ஊசி நூல், சேப்டி பின், என்னென்னவோ. நான் கையை உயர்த்தி, "வேணாம் மாமி, என்ட வூட்டுல எல்லாம் இரிக்கி," என்றேன். மாமி பெட்டியை வாசலிலேயே கீழே வைத்தார். மாமா மட்டும் என் கையில் ஒரு பார்சலைத் திணித்தார். நாலு புதுச் சாறன்கள், லேபல் கூடக் கழற்றவில்லை. "நாலு நாளைக்கு நாலு. வூட்டுக்காரன் மாதிரி உடுத்துங்க மகன்," என்றார். கேலியா வாழ்த்தா என்று விளங்கவில்லை. வாங்கிக்கொண்டேன். வண்டி ஓட்டுவதற்கு ஒரு காற்சட்டை, மற்ற நேரமெல்லாம் சாறன், இதுதான் என் உடுப்புத் திட்டம்.

முதல் நாள் வவுனியாவுக்கு அப்பால் ஓரிடத்தில் சோறு ஆக்கினேன். பஸீலா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "இஞ்சேருங்க, இது சோறா கஞ்சியா?" என்று விசாரித்தாள். "நோன்பு காலத்துல பள்ளியில குடுப்பாங்களே, அந்த மாதிரி இரிக்கி. நல்லாத்தான் இரிக்கி," என்று ஆறுதலும் சொன்னாள். அதோடு விட்டாளா? குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே நீட்டினாள். வந்த ஆள் கோப்பை கழுவுவதில்லையாம்.

மறுநாள் பருத்தித்துறைக்குக் கிழக்கே மணல் திட்டிகள் நிறைந்த ஒரு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடலைக் கண்ட சந்தோசத்தில், இன்னும் கிட்டப் போவோம், இன்னும் கிட்டப் போவோம் என்று விட்டதில் என் வீடு பின் சில்லுவரை மணலுக்குள் இறங்கிவிட்டது. குந்தியிருந்து மணலைத் தோண்டினேன். சில்லு அசையவில்லை, என் காற்சட்டை அசைந்தது. பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை 'டர்' என்று போனது. ஊசி நூல் மருதமுனையில் மாமியின் வாசலில் இருக்கிறது.

சரி, சாறன் இருக்கிறதே என்று உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே கையை விட்டேன். கை தண்ணீருக்குள் போனது. காலையில் கோப்பை கழுவிய பிறகு டாங்கிக் குழாயை நான் சரியாகப் பூட்டவில்லை. என் பை அப்படியே ஊறிக் கிடந்தது. நாலு சாறனும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பஸீலாவின் பை மட்டும் மேல் தட்டில் காய்ந்த சருகாக இருந்தது. "வேற வூட்டுக்குப் போனா சாமான மேல வைக்கணும் எண்டு உம்மா சொன்ன," என்றாள்.

நாலையும் அலசிப் பிழிந்து, வேனுக்கும் ஒரு சவுக்கு மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிக் காயப் போட்டேன். அந்த ஊர் வெயிலுக்கு நல்லாய்க் காய்ந்துவிட்டன. பச்சைக் கட்டம் போட்டதை உடுத்திக்கொண்டு கடலில் குளிக்கப் போனேன். மற்ற மூன்றும் லேபலோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கடலில் மிதந்தபடி கரையைப் பார்த்தால் என் வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம்! அஞ்சாறு பொம்பிளைகள், ரெண்டு சைக்கிள். வண்டியைத் தள்ளிவிட ஆட்கள் வந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று கரையேறி ஓடினேன். கிட்டப் போனால் பஸீலா கயிற்றடியில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மருதமுனைச் சாரமோ? முந்தி வேனிலை கொண்டு வந்து விக்கிறவை. இப்ப ஆக்கள் வாறேல்லை," என்றார் ஒரு அம்மா. (அந்தப் பக்கத்தில் சாறனுக்குச் சாரம் என்று பெயர்.)

"ஓம் அக்கா, மருதமுனைதான். ஆனா இதுகள் ஒருக்கா தண்ணியில ஊறினது, உள்ளதைச் சொல்லணும். அதுவும் நல்லதுக்குத்தான். சாயம் போயிரிக்கா பாருங்க. விக்க முந்தியே கழுவிக் காட்டுற கடையக் கண்டிரிக்கீங்களா?"

என் சாறன்கள்! மூன்றும் என் கண் முன்னாலேயே போய்விட்டன. கூட்டம் கலைந்ததும், "என்ன வேல பார்த்திரிக்கிறாய்!" என்று கத்தினேன்.

"கடைக் கதை கதைக்கப்படாது எண்டுதானே சொன்னீங்க? விக்கப்படாது எண்டு சொல்லல்லயே," என்றாள். "பாவம், மருதமுனை எண்டு கேட்டுக் கேட்டு நிக்கிதுகள். எனக்கு மனசு வரல்ல." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோது அதில் கால்வாசியும் இருக்கவில்லை. எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலை பஸீலா, "நான் தேத்தண்ணி ஊத்துறன், நீங்க காத்து வாங்குங்க," என்று தானாகவே அடுப்படிக்குப் போனாள். (எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) நான் வாசலில் இருந்தேன். ஒரு ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"நேற்றுச் சாரம் வித்தது நீங்களோ? பக்கத்து வீட்டுக்காரன் ஒண்டு வாங்கிப்போட்டுக் காலமை தொடக்கம் றோட்டிலை நடந்து திரியிறான். எனக்கும் ஒண்டு வேணும்."

"முடிஞ்சிட்டு ஐயா."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். குனிந்து, இன்னும் நன்றாகப் பார்த்தார். "உதென்ன? உது மெசின் துணியெல்லோ. கைத்தறி எண்டு சொல்லிச் சனத்தை ஏமாத்துறியள்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழும்பி நின்றுவிட்டேன். "மெசினா? ஐயா, இஞ்ச வாங்க. இந்தக் கரையப் பாருங்க. மெசின் எண்டா கரை கத்தி மாதிரி நேரா இரிக்கும். இது இலேசா நெளிஞ்சு போகுதா? இது மனுசன்ட கை. இந்தக் கட்டம் இந்தப் பக்கமும் ஒண்டு, அந்தப் பக்கமும் ஒண்டு. உள்ளுக்குப் புறட்டிப் பாருங்க, எது நல்ல பக்கம் எண்டு சொல்லுங்க பாப்பம்! உடுக்க உடுக்க மெதுப்பாகுமே தவிர மங்காது. நீங்க மங்கினாலும் இது மங்காது!"

பதினாறு வருசம் இராச் சாப்பாட்டு மேசையில் மாமா சொல்லச் சொல்ல, நான் காதில் விழாத மாதிரி சோறு பிசைந்துகொண்டிருந்த அத்தனையும் வரிசையாக வந்து விழுந்தன. ஐயா விலை கேட்டார். சொன்னேன். "அநியாயம்," என்றார். "அநியாயமெண்டா விடுங்க, உங்கட பக்கத்து வூட்டுக்காரர் ரெண்டாவது ஒண்டு கேட்டவர்," என்று கூசாமல் அடித்துவிட்டேன். (அல்லாஹ் மன்னிக்கட்டும்.) கொஞ்சம் குறைத்தேன், அவர் கொஞ்சம் ஏறினார்.

"சரி, தாரும்," என்றார்.

"தாறன்!" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் இடுப்பில் இருப்பது ஞாபகம் வந்தது.

"உடுத்தது..."

"பரவாயில்லை. என்ரை மனிசி தோய்ச்சுத் தருவா."

வாக்குக் கொடுத்தாயிற்று. உள்ளே ஓடினேன், திரைச்சீலையைக் கம்பியிலிருந்து உருவி இடுப்பில் சுற்றினேன், கதவிடுக்கால் சாறனை நீட்டினேன். ஐயா அதை மடித்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, நாலு பெடியங்களைக் கூப்பிட்டு என் வண்டியையும் மணலிலிருந்து தள்ளி விடுவித்துவிட்டுப் போனார். காசை ரெண்டு தரம் எண்ணினேன். வெட்கமில்லை, சந்தோசம். சத்தியமாகச் சந்தோசம். கந்தோரில் இத்தனை வருசத்தில் ஒரு தரமும் அப்படி வந்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். பஸீலா தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறாள். ஊற்றி எவ்வளவு நேரமோ, மேலே பாலாடை கட்டிவிட்டது.

"கண்டிட்டன்," என்றாள்.

நாலாம் நாள் ஊருக்குத் திரும்ப வேண்டும், என்னிடம் உடுப்பில்லை. "என்ட அபாயா ஒண்டு தரட்டா?" என்றாள். "மௌத்தானாலும் மாட்டன்," என்றேன். "பருத்தித்துறையில கடை இரிக்கி, இறங்கி ஒரு சாறன் வாங்கித் தா," என்று கெஞ்சினேன். அவள் நெஞ்சில் கை வைத்தாள். "மருதமுனைக்காரி வேற ஒருத்தன்ட கடையில சாறன் வாங்கின எண்டு வாப்பாட காதுல விழுந்தா? அவர்ட மானம் என்னாகிற?" ஆக, சூரியகாந்தியோடுதான் ஓட்டினேன். வழியில் மறித்த பொலிஸ்காரர் யன்னலால் எட்டிப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், லைசன்சைக்கூடக் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

இருட்டிய பிறகு போய்ச் சேரலாம் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன். விதி, அஸர் தொழுகை முடிந்து வெளிச்சமாக இருக்கும்போதே மருதமுனை வந்துவிட்டது. சனம் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாமா, மாமி, என் மூன்று பிள்ளைகள், பக்கத்து வளவுச் சாச்சி எல்லாரும் வாசலில். நான் இறங்கினேன். எல்லாருடைய கண்ணும் என் இடுப்பில்.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன மகன், வூட்டையே உடுத்துக்கிட்டு வந்திட்டீங்க?"

மாமா சிரிக்கவில்லை. கிட்ட வந்து திரைச்சீலையின் நுனியை விரலால் உரசிப் பார்த்தார். "மெசின்," என்றார். பஸீலா அவரது காதில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு சிரித்தார் பாருங்கள், முழங்கால் நோவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டார்.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கே கடையில் நின்றேன். இப்போது பெருநாளுக்குப் பெருநாள் நிற்கிறேன். "வாங்க, வாங்க" என்று கூப்பிடும்போது காது சிவப்பதில்லை. ஆனால் கூட்டம் நெருக்கும்போது மாமா காசு மேசையிலிருந்து முழு பசாருக்கும் கேட்கச் சொல்லுவார்: "மகன், உடுத்திரிக்கிறத மட்டும் வித்திராதீங்க!"

வேன்காரருக்குப் புதுத் திரைச்சீலை தைத்துக் கொடுத்துவிட்டோம், கைத்தறியில். பழையதைப் பஸீலா தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். எப்போதாவது எங்களுக்குள் சண்டை வந்து, "நான் போறன், இது என்ன என்ட வூடா?" என்று நான் எழும்பினால், அவளும் எழும்புவாள். போய் அலுமாரியைத் திறந்து, அந்தச் சூரியகாந்தியை எடுத்து வந்து என் கையில் வைப்பாள்.

"இந்தாங்க, ஒங்கட வூடு."