பிரெசான் மாஸ்டர் கூப்பிடுகிறார்

எங்கள் ஹெட்மாஸ்டரிடம் செத்துப்போனவனுக்குக்கூட லீவு கிடையாது.

சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ‘பென் தான்’ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பள்ளி நடத்திய காரைக்கால்காரர் அவர். பேர் கூப்பிட்டால் பிரெஞ்சில் ‘பிரெசான்’ என்று எழுந்து நிற்கவேண்டும் என்பதால் பிரெசான் மாஸ்டர். வெறும் உடம்பில் கறுப்புக் கோட்டு மாட்டியிருப்பார். சட்டையைக் கிழித்துப் பலகை துடைக்கக் கொடுத்துவிட்டார். சாக்பீஸ் கிடைக்காதபோது மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காயவைத்து எழுதினார். கணக்கு முடிவதற்குள் பாதி சாக்பீஸை நாங்கள் தின்றிருப்போம். மத்தியானம் அதே கிழங்கை அவித்துப் போடுவார். எனக்கு நிச்சயமாகக் கிடைத்த ஒரே சாப்பாடு அதுதான்.

புது அரசு பாடங்களை மாற்றியது. இனி வியட்நாமிய மொழியில் ‘கோ’ என்றுதான் சொல்லவேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாஸ்டர், ஒரே படகில் ஏறி ஓடிப்போன பிள்ளைகளின் பேரை மட்டும் அடிக்க மறுத்தார். தினமும் கூப்பிட்டுவிட்டு, காலியான கடைசி பெஞ்சைப் பார்த்தபடி காத்திருப்பார்.

“அந்துவான் போயி ஆறு மாசமாச்சே, முசியே?” என்று கேட்டேன்.

“எங்கயாவது கரையேறியிருப்பான். நீ முன்னாடி பாத்து உக்காரு, மரி.”

முப்பது பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று உத்தரவு வந்தது. பதிவேட்டில் முப்பத்தொன்று, பெஞ்சில் பத்தொன்பது.

“போனவங்களுக்கும் நாங்களே ‘கோ’ சொல்லிடுறோம், முசியே.”

“பொய் சொல்றவளுக்குக் கிழங்கு கிடையாது.”

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மழையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வகுப்பில் கணுக்கால் தண்ணீர். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே பேர் படித்தார். நாங்கள் ‘கோ’ சொன்னோம். அந்துவான் பேர் வந்தது.

“பிரெசான்.”

கடைசி பெஞ்சிலிருந்து, தெளிவாக. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். பெஞ்சில் யாருமில்லை. அதன் முன்னால் மட்டும், யாரோ எழுந்து நின்றதுபோல் தண்ணீரில் வட்டம் விரிந்தது. அடுத்த பேருக்கும் அப்படியே. பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைத் தொடாமல், ஒரு பூட்ஸையும் விட்டுவிட்டுப் போனார்.

பள்ளி தப்பியது. மாஸ்டரே குரல் மாற்றிப் பேசியிருப்பார் என்றார் அப்பா. நான்தான் பார்த்தேனே, அவர் வாய் மூடியிருந்தது. அழுதுகொண்டிருந்தார். அந்தப் படகு கரை சேரவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுவருஷம் நாங்கள் காரைக்காலுக்குப் புறப்பட்டோம்.

“என் பேரை அடிச்சிடுங்க, முசியே.”

“அடிக்க மாட்டேன். தெனம் கூப்பிடுவேன். நீ மட்டும் பதில் சொல்லிடாதே. சொல்லாத வரைக்கும் நீ நல்லா இருக்கேன்னு வச்சுக்குவேன்.”

சைகோனில் காலை ஏழு மணி என்றால் இங்கே ஐந்தரை. இன்றும் அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் வாய் திறப்பதில்லை. கிழவிக்குத் திமிர் என்கிறாள் மருமகள்.

என்றைக்காவது சொல்லத்தான் போகிறேன். அன்றைக்கு ‘கோ’ என்று சொல்லமாட்டேன். ‘பிரெசான்’ என்றுதான் எழுந்து நிற்பேன். அவருக்கு அதுதான் பிடிக்கும்.