ஆளைக் காட்டும் கம்பி

ராய்ஸ் லிண்ட்கிரென் வந்துவிட்டார்!

ஹார்லன் ஃபோர்க் ஊர் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அன்று காலை நோயாளிகளைத் தவிர எல்லோரும் பெரிய கூடத்தில்தான் இருந்தார்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், கணக்குப் பிரிவு, சமையற்கட்டு, துணி வெளுக்கும் பிரிவு. உட்கார இடமில்லை. இனிப்பு வடை மாதிரி இலவச டோனட் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் வெறும் டோனட்டுக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தனை கூட்டம் கூடியதில்லை.

வந்தவர் சாமியார் அல்லர். காவி இல்லை, கமண்டலம் இல்லை. சாம்பல் நிறக் கோட்டு, நீலக் கழுத்துப்பட்டை, வாய் கொள்ளாத சிரிப்பு. உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தருகிற ஆலோசகராம். நம்மூர்க் கோடாங்கி உடுக்கையோடு வருவார். இவர் தோல்பெட்டியோடு வந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இவர் எதற்கு வந்தார்? அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நாற்காலியில் எவரும் நிலைக்கவில்லை. ஒருவர் ஃபுளோரிடாவுக்கு ஓடினார். ஒருவர் மருந்துக் கம்பெனிக்கு ஓடினார். இன்னொருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், திரும்பவே இல்லை. நாற்காலிக்கே ஏதோ பிடித்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. உடனே நாற்காலியை மாற்றினார்கள். நான்கு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறோமே, அதை மாற்றிப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தலை இல்லாத உடம்பு என்ன செய்யும்? அறுவை அறைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. கையெழுத்துப் போட ஆளில்லாமல் புது மருத்துவர்களை எடுக்க முடியவில்லை. வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பிய கஸ் பெல்டியர் இடுப்பெலும்பு தேய்ந்து, தடியை ஊன்றி நடந்துகொண்டிருந்தார். அறுவைக்குத் தேதி கேட்டால், “தலைமை மருத்துவர் வரட்டும்” என்பார்கள். அந்தத் தலைமை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் படைவீரர்கள் சார்பில் கஸ்ஸும் இருந்தார் என்பதுதான் வேடிக்கை.

ராய்ஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கருப்புக் கைப்பிடி. அதன் உச்சியில், இரண்டு பக்கமும் ஆடுகிற மாதிரி ஒரு நீளக் கம்பி.

“தலைமைப் பண்புங்கிறது பேச்சு இல்லீங்க. அது ஒரு கதிர். மூளையிலேர்ந்து வருது. பட்டம் பொய் சொல்லும், அனுபவம் பொய் சொல்லும், சிபாரிசு பொய் சொல்லும். இந்தக் கம்பி பொய் சொல்லாது!” என்றார் ராய்ஸ்.

கைதட்டல்.

கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இதய மருத்துவர் வென்டெல் கிரௌஸ். தேர்வுக் குழுவின் தலைவர். அவர் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும்: ‘ஒப்பீட்டுக் குழு எங்கே?’ புது மருந்தோடு வருகிற கம்பெனிக்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்தாலே பாதி உயிர் போய்விடும். மருந்து சாப்பிட்டவனையும் சர்க்கரை உருண்டை சாப்பிட்டவனையும், யாருக்கு எது என்று தெரியாமல் வைத்துச் சோதித்தால்தான் நம்புவார். அப்படிப்பட்ட பகுத்தறிவாளர்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அவசரப் பிரிவில், “இன்று அமைதியாக இருக்கிறது” என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் ஆம்புலன்ஸ் வரிசை கட்டும் என்பது அந்த மருத்துவமனை ஐதீகம். வென்டெல் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார்; மரத்தைத் தட்டினால் கெட்டது அண்டாது என்பது அந்த நாட்டு நம்பிக்கை. மர மேஜைதானா என்று பார்த்துக்கொண்டுதான் தட்டுவார்.

ராய்ஸ் வரிசை வரிசையாகக் கம்பியைப் பிடித்தபடி நடந்தார். கணக்குப் பிரிவைக் கடந்தது, அசையவில்லை. பல் மருத்துவரைக் கடந்தது, அசையவில்லை. கடைசி வரிசைக்கு வந்ததும் மெல்லத் திரும்பி, நடுங்கி, வென்டெலின் மார்புக்கு நேரே நின்றது.

கூட்டம் “ஆ” என்று வாயைப் பிளந்தது. வென்டெல் உதட்டில் இருந்த ஏளனம் போன இடம் தெரியவில்லை. ஒரு கருவி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அது என்னையே காட்டுகிறதே! ஊரை ஏமாற்றுகிற கருவி என்றால் பல் மருத்துவரையல்லவா காட்டியிருக்கும்?

நிர்வாக இயக்குநர் மார்லா ஓடிவந்தார். “வென்டெல், இவ்வளவு நாளா பக்கத்துலயே வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோமே!”

“எனக்கு எதுக்குங்க அதெல்லாம்” என்றார் வென்டெல், வெட்கப்பட்டு. அன்று மாலையே குழுத் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டுத் தன் பெயரையும் விண்ணப்பதாரர் பட்டியலில் சேர்த்தார். இதைத் தியாகம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வீட்டில் மனைவி, “அந்தக் கம்பிக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டதற்கு, “உனக்குப் புரியாது, அது இயற்பியல்” என்றார். அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

மறுவாரம் வெளியிலிருந்து பெண் மருத்துவர் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். பெயர் ராபர்ட்டா ஸ்டானெக். ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். பூட்டிய அறுவை அறைகளை எப்படித் திறப்பது, ஆட்களை எங்கிருந்து எடுப்பது என்று அவர் பேசப் பேச, கஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். கடைசியில் ராய்ஸ் எழுந்து கம்பியைக் காட்டினார். அசையவில்லை. போட்டியாளராக இருந்தும் அங்கேயே உட்கார்ந்திருந்த வென்டெல் பக்கம் சட்டென்று திரும்பியது.

“வருத்தமா இருக்கு டாக்டர். உங்ககிட்ட கதிர் இல்லை” என்றார் ராய்ஸ்.

ஸ்டானெக் கோபப்படவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

“பாக்தாத்துல ஒரு சோதனைச்சாவடியில இதே மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன். வெடிகுண்டைக் காட்டிக்கொடுக்கும்னு யாரோ வித்துட்டுப் போயிருந்தான். ஒரு லாரிக்கு முன்னாடி பிடிச்சாங்க. கம்பி திரும்பல. லாரியை உள்ள விட்டுட்டாங்க. அன்னைக்கு என் ஆபரேஷன் மேஜைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரை என்னால காப்பாத்த முடியல.”

அவர் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுத்துக் குழுவைப் பார்த்தார்.

“இந்த வேலை எனக்குக் கிடைக்கலைன்னா பரவாயில்லைங்க. ஆனா இந்தக் கம்பியால கிடைக்காமப் போகக் கூடாது. ஒரு சின்னச் சோதனை வைப்போமா? அஞ்சு மறைப்பு. ஒண்ணுக்குப் பின்னாடி டாக்டர் கிரௌஸ். அவர் எங்கே இருக்கார்னு கம்பி சொல்லட்டும்” என்றார் ஸ்டானெக்.

“சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவர் கதிர் தெரியும்!” என்றார் ராய்ஸ். இப்படி ஒரு வாக்கை வாயைத் திறந்து கொடுத்திருக்க வேண்டாம்.

வென்டெலுக்குச் சுருக்கென்றது. இந்தச் சோதனையைக் கேட்க வேண்டியவர் யார்? சுவரில் பலகை மாட்டியவர் யார்? கேட்கத் தோன்றவே இல்லையே! சரி, கருவிதான் உண்மையானது ஆயிற்றே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

வார்டுகளில் படுக்கைகளுக்கு நடுவே வைக்கிற துணி மறைப்புகள் ஐந்தைக் கூடத்துக்கு உருட்டி வந்தார்கள். கஸ் தன் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எடுத்துக் கலைத்து ஒரு சீட்டை உருவுவார்; அதில் வருகிற எண்ணுள்ள மறைப்புக்குப் பின்னால் வென்டெல். மற்றவற்றுக்குப் பின்னால் கோட்டு மாட்டுகிற கம்பம், காலிச் சக்கர நாற்காலி, ஆக்சிஜன் உருளை, நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பழகுகிற ரப்பர் பொம்மை. இடம் தெரிந்த கஸ்ஸும் ஸ்டானெக்கும் வெளியே போய்விட வேண்டும். பிறகுதான் ராய்ஸும் கூட்டமும் உள்ளே வரலாம். இந்த முறையும் டோனட் இருந்தது.

முதல் தடவை கம்பி கம்பீரமாகத் திரும்பி நின்றது. மறைப்பை விலக்கினால், ரப்பர் பொம்மை.

கஸ் உள்ளே வந்து பார்த்தார். “தப்புன்னு சொல்லிட முடியாதுங்க. இத்தனை வருஷமா ஆளாளுக்கு நெஞ்சுல குத்துறாங்க. ராஜினாமா பண்ணாமக் கிடக்குதே! தலைமைக்கு வேற என்ன தகுதி வேணும்?”

கூடம் சிரித்தது. “சந்தேகப்படுறவங்க பக்கத்துல இருந்தா கதிர் சிதறும்” என்றார் ராய்ஸ், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாம் தடவை. துணிக்குப் பின்னால் நின்ற வென்டெலுக்கு ராய்ஸின் காலணிச் சத்தம் கேட்டது. நெருங்கியது. கடந்து போகப் பார்த்தது. அடப்பாவி, இங்கேதான் இருக்கிறேன்! இத்தனை நாள் ஊரெல்லாம் கைகுலுக்கியது, மனைவி கோட்டை வெளுக்கப் போட்டது, கதவில் மாட்டப் போகிற பெயர்ப் பலகை, எல்லாம் அந்தக் காலடியோடு சேர்ந்து நகர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. தொண்டையில் ஏதோ அரித்தது.

“க்ஹும்.”

காலணி நின்றது. கம்பி பளிச்சென்று திரும்பியது. மறைப்பு விலகியது. கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. மார்லா ஓடிவந்து வென்டெலைக் கட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. ஸ்டானெக் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “கம்பி திரும்புறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

கேட்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் தங்கள் தங்கள் காலணி மேல் அக்கறை வந்துவிட்டது. “ஒண்ணும் கேக்கலையே” என்றார் மார்லா.

ஸ்டானெக் தலையாட்டிவிட்டுத் தன் பையை எடுத்தார். மினியாபொலிஸ் நகரில் வேறொரு மருத்துவமனை அவருக்காகக் காத்திருந்தது. அவருக்குப் பின்னால் கஸ் தடியை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். வென்டெல் அந்த நடையைப் பார்த்தார். இந்தப் பெண் வெளியே போனால் கஸ் இப்படியேதான் நடப்பார். இன்னும் எத்தனையோ பேர் இப்படியேதான் நடப்பார்கள். வென்டெலுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“போகாதீங்க டாக்டர்! நான்தான் இருமினேன்” என்றார் வென்டெல்.

“சளியா இருக்கும்” என்றார் மார்லா, அவசரமாக.

“சளி இல்லைங்க. ஆசை.”

இனி இருமல் வராதபடி, வென்டெலே தன் கோட்டுப் பையிலிருந்து நாக்கை அழுத்துகிற மரத்துண்டை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டார். “மறுபடி வைங்க. எத்தனை தடவை வேணும்னாலும் வைங்க” என்று அவர் சொன்னது பாதிதான் புரிந்தது.

வைத்தார்கள். கம்பி கோட்டுக் கம்பத்தைக் காட்டியது. ஆக்சிஜன் உருளையைக் காட்டியது. பொம்மையை மறுபடியும் காட்டியது. அதன்மேல் அதற்குத் தனிப் பிரியம் போல. ஒரு தடவை வென்டெலையும் காட்டியது. ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் எப்போதாவது ஒத்துப்போகத்தானே செய்யும்?

“அதைக் குடுங்க இப்படி” என்று கஸ் கைப்பிடியை வாங்கி, பேனாக்கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே மின்கலம் இல்லை, மின்சுற்று இல்லை, ஒன்றுமே இல்லை. கொஞ்சம் காற்று இருந்தது. அதுவும் வெளியே போய்விட்டது.

“அது நம்ம உடம்பு மின்சாரத்துல...” என்று ஆரம்பித்தார் ராய்ஸ்.

“தம்பி, கம்பி திரும்பினது உன் மணிக்கட்டுல. வெளிய போற வழி எதுன்னு கண்ணால பார்த்தே போயிடலாம். கருவி வேண்டாம்” என்றார் கஸ்.

ராய்ஸ் போனார். தோல்பெட்டி போனது. “நல்லாத்தானே பேசினாரு” என்று மார்லா கொஞ்ச நேரம் புலம்பினார்.

ஸ்டானெக்கைப் பழைய முறைப்படியே எடுத்தார்கள்: கேள்வி கேட்டு, முன்பு செய்த வேலையை விசாரித்து. வென்டெல் தன் அறைப் பலகையின் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ‘கம்பி உன்னைக் காட்டும்போதும் கேள்!’ பார்க்க வருகிறவர்களிடம், “இந்தப் பலகை கம்பெனிக்காரங்களுக்குன்னு நினைச்சேன். எனக்குத்தான்” என்று தாமே சொல்லிச் சிரித்தார்.

ஸ்டானெக் பொறுப்பேற்ற அன்று, வென்டெலோடும் கஸ்ஸோடும் அவசரப் பிரிவைப் பார்க்க வந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“என்ன, இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்கே!”

ஒரு செவிலியர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. வென்டெலின் கை தன்னால் போய்ப் பக்கத்து மேஜையை இரண்டு தட்டுத் தட்டியது.

“டாக்டரே, அது பிளாஸ்டிக்” என்றார் கஸ்.

வென்டெல் தன் கையைப் பார்த்தார். அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அடுத்த மாதம் கஸ்ஸுக்கு இடுப்பில் அறுவை நடந்தது.

ஆம்புலன்ஸ் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது. அது அவசரப் பிரிவு ஐயா! அங்கே ஆம்புலன்ஸ் வராமல் மாப்பிள்ளை ஊர்வலமா வரும்? கொஞ்சம் யோசியுங்கள், அதற்குக் கம்பி தேவையில்லை.