மோட்டாருக்கு அடியில் நான்

இனிமேல் என் மோட்டாரை அமீர் பாஷாவின் கை தொடக்கூடாது என்று ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது தீர்மானம் செய்தேன். ஆம்பூரிலேயே மோட்டார் ரிப்பேர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கெட்டிக்காரர், நல்ல மனுஷர். ஆனால் அவர் என் வண்டியின் மூடியைத் திறந்தால் போதும், என் பணப்பையின் மூடியும் கூடவே திறந்துகொள்ளும்.

நான் இருதயராஜ். ஊரில் 'பட்டை இருதயராஜ்' என்பார்கள். குடிக்கிற பட்டை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்கிறவன். வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரி ஓட்டித் தேய்த்த அமெரிக்கா மோட்டாரை நான் வாங்கி மேலும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்த அன்றைக்கே என் மனைவி சவுரியம்மாள் கேட்டாள்: "ஏங்க, நானும் ஓட்டக் கத்துக்கட்டுமா?"

நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைபாக்கு வெள்ளைச் சட்டை முழுவதும் தெறித்தது. அவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சட்டையை மட்டும் துவைத்துப் போட்டாள். சவுரியம்மாள் ஒரு பேச்சை எடுக்காமல் விட்டால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தீர்மானத்தைச் சொன்னேன்.

"இன்னாங்க, நெசமாவா? நீங்களே கழட்டப் போறீங்களா?"

"ஏன், எனக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. கழட்டினா திரும்ப மாட்டணுமே."

"மாட்டுவேன்!"

"மாட்டிக்குவீங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரி, நானும் கூட ஒத்தாசை பண்றேன்" என்றாள்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. எத்தனை பேருக்கு இப்படிப்பட்ட மனைவி வாய்க்கும்!

கொல்லையில் வண்டியை நிறுத்தி, ஒரு கோணிச்சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்தேன். அங்கிருந்து குரல் கொடுத்தேன்.

"சவுரி! மேல ஏறி உக்காரு. இடது கால்கிட்ட ஒரு மிதிகட்டை இருக்குதா? அத மிதி!"

"இதுவா?"

"அதான். அதுக்குப் பேரு கிளச்சு."

"மிதிச்சா இன்னா ஆவும்?"

"இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற சம்பந்தம் அறுந்துடும்."

"அய்யோ பாவம். கால எடுத்தா?"

"மறுபடி சேந்துக்கும். ஆனா மெதுவா எடுக்கணும். வெடுக்குனு எடுத்தா துள்ளும்."

"சரி, நம்ம வூட்டு நடப்புதான்னு சொல்லுங்க."

அவள் கேட்பாள், நான் சொல்வேன். முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்டச் சொல்வேன். பின்சக்கரங்கள் தரையில் படாமல் அச்சைக் கருங்கல்லில் தூக்கி வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று அவளை மாற்றச் சொல்லிவிட்டு, நான் கீழே காதை வைத்துக் கேட்பேன். வண்டியைக் கொட்டகைக்குள் விடும்போது நான் தள்ளுவேன், அவள் ஸ்டியரிங் வட்டைப் பிடித்துத் திருப்புவாள். ஆரம்பத்தில் கோழிக்கூண்டை இடித்தாள். போகப்போகக் கோழிகள் பயப்படுவதை விட்டுவிட்டன.

பக்கத்து வீட்டில் தோல் வியாபாரி நிசார் அஹமதுவின் மனைவி ரஃபத் ஜஹான். சவுரியம்மாளுக்கு 'ஆபா', அதாவது அக்கா. கோஷா ஸ்திரீ. அந்நிய ஆண் பிள்ளைகள் கண்ணில் படமாட்டார். நான் வண்டிக்கு அடியில் இருந்தபடியால் தைரியமாக மதில் ஓரம் வந்து பேசுவார்.

"சவுரியம்மா, இன்னா நடக்குது? உங்க வூட்டுக்காரர் காலு மட்டும் தெரியுதே!"

"பாடம் நடக்குது ஆபா."

"யாருக்கு? வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான்!" என்றாள் சவுரியம்மாள். இருவரும் சிரித்தார்கள். நானும் கீழே படுத்தபடி சேர்ந்து சிரித்தேன். மடையன்.

ஒருவழியாக எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, ரயிலடி வரை ஓட்டிப் பார்த்தேன். சவுரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் 'கடகட கடகட' என்று ஒரு சத்தம்.

கொல்லைக்கு வந்து மறுபடி கழற்றினேன். நின்ற இடத்தில் ஓடும்போது சத்தமே இல்லை. ரோட்டில் ஏறினால் 'கடகட'! ரோட்டைக் கண்டால் மட்டும் வருகிற நோய் என்ன நோய்? அமீர் பாஷா வழியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம ஷெட்டுக்குக் கொண்டாங்க சார், பாத்துடலாம்" என்றார். நான் கேட்பேனா? மானம் இருக்கிறதே! மறுபடியும் கோணிச்சாக்கு. மறுபடியும் "சவுரி, கிளச்ச மிதி!" அவளும் முகம் சுளிக்காமல் நாள் தவறாமல் ஏறி உட்கார்ந்தாள். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். இன்னும் கொஞ்சம் தூரம் போவலாமா?" என்று அக்கறையாக வேறு கேட்டாள்.

கடைசியில், கோளாறு இஞ்சினில் தீப்பொறி விடும் நேரத்தை மாற்றுகிற கம்பியில்தான் என்று முடிவுகட்டினேன். வட்டுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னக் கம்பியை ஒரேயடியாகத் தள்ளி வைத்துவிட்டு, இஞ்சினைக் கிளப்ப முன்னால் ஹாண்டிலைச் செருகினேன்.

"ஏங்க, பாஷா பாய் சுத்தறப்போ அந்தக் கம்பி வேற பக்கம் இருக்குமே" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு!"

சுழற்றினேன். இஞ்சின் எதிர்ப்பக்கமாக ஓர் உதை விட்டது. ஹாண்டில் திரும்பி வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. 'மளுக்' என்று கேட்டது. அது வண்டியின் சத்தம் இல்லை என்பது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

"மாதாவே!" என்று ஓடிவந்தாள் சவுரியம்மாள். கை வேறொருவன் கை மாதிரி திரும்பித் தொங்கியது. "கட்டு கட்டுறவன கூப்பிடு" என்று முனகினேன். "எலும்பு கோணிட்டா பேனா புடிக்கறதெப்படி? வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"ரயில் சாயங்காலம்தான்டி…"

"ரயிலு எதுக்கு?"

சிலுவை போட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்தக் கம்பியை மறுபக்கம் தள்ளினாள். ஹாண்டிலைச் சுற்றினாள். வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, முன்னால் உட்கார்ந்தாள்.

எனக்கு வலி பாதி, பயம் பாதி. தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். மாதனூர் தாண்டினோம். தோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. ஓரம் ஒதுங்கி, கியரை மாற்றி, மாடுகள் மிரளாமல் கடந்தாள். பள்ளிகொண்டாவில் சந்தைக் கூட்டமே வாயைப் பிளந்து நின்றது. அவள் ஹாரனை அமுக்கினாள், வழி விட்டார்கள். நான் ஜெபத்தை நிறுத்திவிட்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேராக உட்கார்ந்து யாரும் அந்த வண்டியை ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் உள்பட.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"சவுரி… அந்த கடகட சத்தம் காணோமே?"

"காலைலேயே எடுத்துட்டேங்க."

"எத?"

"பின்சீட்டுக்கு அடியில பவுடர் டப்பாவுல புளியங்கொட்ட போட்டு வச்சிருந்தேன். அத."

கைவலியே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. "அடிப்பாவி! எதுக்குடி?"

"கொறையில்லாம முடிஞ்சிருந்தா அன்னிக்கே கோணிய சுருட்டிருப்பீங்க. எனக்கு மூணாம் கியரு அப்பத்தானே பாதி பழகியிருந்துச்சு?"

"அப்புறம் இன்னிக்கு ஏன் எடுத்தே?"

"பாடம் முடிஞ்சிபோச்சுங்க" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க."

எலும்பு நேராகச் சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை கோணித்தான் போயிருக்கும் என்றார் டாக்டர். மாவுக்கட்டு பிரிக்கிறவரை சவுரியம்மாளே என்னைப் பட்டை மண்டிகளுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போலீஸில் ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த மறுநாள், கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, வாணியம்பாடிக்கு நானே ஓட்டிப் போகலாம் என்று கொட்டகைக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. நாலு பக்கமும் பச்சைத் திரை. கதவைத் திறந்தேன். உள்ளே "யா அல்லா!" என்று ஏகப்பட்ட குரல்கள்! சட்டென்று மூடினேன்.

"இன்னா பண்றீங்க நீங்க? உள்ள ரஃபத் ஆபாவும் அவங்க தங்கச்சிங்களும் இருக்காங்க" என்று சவுரியம்மாள் ஓடிவந்தாள். "ஆம்பள டிரைவர் வண்டியில அவங்க ஏற முடியாதில்ல? இத்தன நாளா ஒரு கல்யாணம் காட்சிக்குப் போவ வழியில்லாம இருந்தாங்க. வாலாஜாபேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அப்போ நான்?"

"திரைக்கு இந்தப் பக்கம் நீங்க வரக்கூடாதுங்க. பாவம், அவங்க சங்கடப்படுவாங்க."

வண்டி கிளம்பிப் போனது. துள்ளாமல், குலுங்காமல். நான் தெருமுனைக்கு நடந்து, ஊருக்குப் புதுசாக வந்த காசியின் ஜட்காவில் ஏறினேன். அவன் போகிற மோட்டாரையே பார்த்தபடி நின்றான்.

"இன்னா ஜோரா ஓட்டுது சார் அந்தம்மா!" என்றான். "ஒங்க வூட்டுப் பக்கத்துலதான் எங்கியோ இருக்குதாமே? போயி கேட்டா ஒங்களுக்கும் சொல்லிக் குடுக்கும் சார்."